நாற்பத்தேழை ஓட்டியது யார்?

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் விஷ்ணுப்ரியாவுக்கு வேலையில் முதல் பாராட்டு கிடைத்தது. கையோடு அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு தருமபுரம் வீட்டுக்கு வந்தாள். மாமியார் சௌந்தரவல்லி ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சர்க்கரை தூக்கல் என்றாள். அந்த வீட்டில் கொண்டாட்டம் என்றால் அவ்வளவுதான்.

பாராட்டு எதற்கு என்பதை மறந்தவர்களுக்கும், இன்றுதான் இந்தக் கதையைக் கையில் எடுத்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரியைக் குவியலுக்குக் கொண்டுபோய்க் கொட்டும் லாரிகளை ஏற்பாடு செய்கிற ஒரு தனியார் ஆபீஸ். அங்கே சித்திரையில் வேலைக்குச் சேர்ந்தாள் விஷ்ணுப்ரியா. வேலை நிரந்தரம் இல்லை. கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றுதான் எடுத்திருந்தார்கள். ஒரு டிரைவர் ஒரே நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது என்பது அங்கே விதி. விதியை மீறியவர்கள் யார் என்று கம்ப்யூட்டரிலிருந்து கண்டுபிடிக்க அவள் ஒரு க்வெரி, அதாவது அதற்குப் புரிகிற மொழியில் ஒரு கேள்வி, எழுதினாள். மூன்று வண்டிகள் சிக்கின. மேலிடத்தில் பலே என்றார்கள்.

வீட்டு விஷயமும் ஒன்று உண்டு. சௌந்தரவல்லிக்கு இரண்டு பிள்ளைகள். கணவர் சிவசுப்பிரமணியன் போன பிறகு இரண்டு பேரையும் இரண்டு கண்ணாகத்தான் வளர்த்தாள். பெரியவன் ஜெயபிரகாஷ், பட்டினச்சேரி மதிவதனியைக் காதலித்துக் கட்டிக்கொண்டான். விவசாயக் குடும்பத்துக்குள் கடற்கரைப் பெண் வந்ததில் ஆரம்பித்தது, அடுப்பங்கரையில் வளர்ந்து, ஒருநாள் வாசலில் வெடித்தது. மூன்று வருஷமாக அவன் மாமனார் ஊரில் தனிக்குடித்தனம். அன்றிலிருந்து அந்த வீட்டில் பெரியவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. சின்னவன் நவநீதனுக்கு மனைவியாக விஷ்ணுப்ரியா வந்தது அதற்கும் பிறகுதான். மூத்த மைத்துனருக்குத் துறைமுகத்தில் ஒரு லாரி ஓடுகிறது என்று மட்டும் அவளுக்குத் தெரியும். எந்த லாரி என்று தெரியாது. கேட்கவும் தைரியம் வந்ததில்லை.

இனி இன்றைய தினம்.

காலையில் அவள் ஆபீசுக்குள் நுழையும்போதே சூப்பர்வைசர் கலைவாணன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். க்வெரியில் சிக்கிய நாப்பத்தேழு என்ற லாரியைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்களாம், இன்று சாயந்திரத்துக்குள் மறுப்பு எதுவும் வராவிட்டால் ஒரு மாதத்துக்கு உள்ளே விட மாட்டார்களாம். போனை வைத்துவிட்டு, பட்டியலில் இருந்த மற்ற இரண்டு வண்டிக்காரர்களும் கத்தித் தீர்த்துவிட்டார்கள், இவன் ஒருத்தன்தான் வாயே திறக்கவில்லை என்றார். நீதான் பதினாறு மணி நேரமும் ஓட்டினாயா என்று செக்யூரிட்டி கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டானாம்.

"நல்ல மனுசன்மா. இத்தனை வருசத்துல ஒரு சொல் வாங்கினதில்ல. ஜெயபிரகாஷுன்னு பேரு. உங்க தருமபுரம்தான் சொந்த ஊரு, இப்ப பட்டினச்சேரியில இருக்கான்."

விஷ்ணுப்ரியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை நாள் திரையில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நம்பருக்கு இப்போது முகம் வந்துவிட்டது. அதுவும் தன் கணவனின் அண்ணன் முகம். கல்யாணத்துக்குக்கூட வராத அந்த மனிதரின் பிழைப்பில், அவரை ஒருமுறைகூடப் பார்க்காமலே, அவள் கை வைத்துவிட்டாள்.

காரைக்காலில் ஒரு செய்தி வீடு போய்ச் சேர பஸ் தேவையில்லை. பக்கத்து வீட்டு உம்மு சல்மாவின் கணவருக்கும் துறைமுகத்தில் வண்டி ஓடுகிறது. பத்தரை மணிக்குள் சௌந்தரவல்லியின் போன் வந்துவிட்டது. பெரியவன் பெயரை மூன்று வருஷமாக நாக்கில் வைக்காதவள், இன்று முதல் வாக்கியத்திலேயே அவனை என் பிள்ளை என்றாள். விஷ்ணுப்ரியா விளக்க வாய் எடுத்தாள். விடவில்லை.

"ஒருத்தி வந்து என் புள்ளைய வூட்டை விட்டுப் பிரிச்சா. நீ வந்து அவன் சோத்துலயே மண்ணைப் போட்டுட்ட. வர்றவளுவ எல்லாம் இப்படியேதான் இருப்பீங்களா?"

போன் அணைந்தது. விஷ்ணுப்ரியாவின் கண் நிறைந்துவிட்டது. திட்டியது அவளுக்குப் புதிதல்ல. ஆபீசிலிருந்து பத்து நிமிடம் தாமதமாக வந்தால், மதிவதனி ஒருநாள் சொல்லாமல் தாய்வீடு போன கோபமும் சேர்ந்து அவள் தலையில் விழும். குழம்பில் புளி ஏறினால், மதிவதனி வைத்த மீன் குழம்பிலிருந்து ஆரம்பமாகும். தன் தப்புக்கு மட்டும் திட்டு வாங்கினால் போதும் என்று எத்தனையோ நாள் அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டதுண்டு. இன்று அப்படிச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. இன்றைய தப்பு அவளுடையதாக இருக்கலாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் க்வெரியைத் திறந்தாள்.

அதில் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு வண்டியும் கேட்டுக்குள் வந்த நேரம், வெளியே போன நேரம் எல்லாம் வரிசை வரிசையாகப் பதிவாகியிருக்கும். அந்த நேரங்களைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். முதல் டிரிப்புக்கு எதிரில் அந்த டிரிப்பின் நேரம். இரண்டாவதுக்கு எதிரில் இரண்டும் சேர்ந்து. மூன்றாவதுக்கு எதிரில் மூன்றும் சேர்ந்து. அடுத்த ஆள் வந்ததும் கூட்டல் பழசை மறந்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். எங்கே மறப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது. 'பார்ட்டிஷன் பை' என்று எழுதி, இதை வைத்துப் பிரி என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும். சொன்னால் கேட்கும். மனிதர்களைவிட அது தேவலை என்பது என் கட்சி. நமக்குச் சொன்னாலும் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை.

விஷ்ணுப்ரியா பிரிக்கச் சொல்லியிருந்தாள். வண்டி நம்பரையும் தேதியையும் வைத்து. அது ஏன் என்று அவளுக்கு இப்போது நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், டிரைவர்கள் பெயர்ப் பட்டியல் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். கலைவாணன் சிரித்தார். இங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வண்டி நம்பரின் கடைசி இரண்டு எண்தான் ஆளின் பெயர். நாப்பத்தேழு டீ குடிக்கப் போயிருக்கிறது, எண்பத்திரண்டுக்குக் காய்ச்சல், பதிமூணுக்குப் பெண் பிறந்திருக்கிறது என்றுதான் பேச்சு. பதிமூணுக்குப் பெண் பிறந்த அன்று ஆபீசுக்கே சாக்லேட் வந்தது. அதைத் தின்றபோது அவளுக்கும் வண்டியும் ஆளும் ஒன்றாகிவிட்டன. அந்தப் பழக்கத்திலேயே க்வெரியையும் எழுதிவிட்டாள்.

ஆனால் வண்டி ஒன்றாக இருக்க, ஆள் மாறலாமே.

பதிவுகளில் வண்டி நம்பருக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் இருந்தது. டிரைவர் கேட்டில் தேய்க்கிற பாஸ் கார்டின் எண். இத்தனை நாள் அதை அவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பார்ட்டிஷன் வரியில் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கமா போட்டு, பாஸ் எண்ணையும் சேர்த்தாள். மறுபடி ஓடவிட்டாள்.

நாப்பத்தேழின் கூட்டுத்தொகை விடியற்காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை ஏறியது. எட்டு மணி நேரத்தில் நின்றது. அடுத்து வேறொரு பாஸ் எண். கூட்டல் முதலிலிருந்து தொடங்கி, அதுவும் எட்டு மணி நேரத்தில் முடிந்தது. பதினாறு எங்கும் இல்லை. அன்று நாப்பத்தேழை இரண்டு பேர் ஓட்டியிருக்கிறார்கள்.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். மைத்துனர் மேல் குற்றமில்லை. அந்த இரண்டாவது ஆள் யார் என்று மட்டும் எழுதிச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. பாஸ் எண்ணைத் தட்டினாள். படம் திறந்தது.

நவநீதன்.

கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த படம். மீசை கொஞ்சம் கூடுதலாக, கன்னம் கொஞ்சம் குறைவாக. அறுவடை மிஷின் ஓட்டுவதற்கு முன்னால் அவன் ஒரு வருஷம் துறைமுகத்தில் லாரி ஓட்டினான் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பாஸை இன்னும் புதுப்பித்துக்கொண்டு வருகிறான் என்று தெரியாது.

தேதியைப் பார்த்தாள். ஆனிப் பௌர்ணமி. மாங்கனித் திருவிழா நாள்.

அந்த நாளை அவள் எப்படி மறப்பாள். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் முந்தானை ஏந்திப் பிடிப்பார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் வயிறு திறக்கவில்லை என்று ஊரே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். இந்த ஒரு நாள் கூட வாங்க என்று நவநீதனிடம் கெஞ்சினாள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, மடை பார்க்காவிட்டால் நாற்றங்கால் போய்விடும் என்று கிளம்பிவிட்டான். அவள் மாமியாரோடு போனாள். முந்தானையில் ஒரு பழமும் விழவில்லை. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு அவன் வந்தான், தலைக்குக் குளித்துவிட்டு. சட்டையைத் தானே துவைத்துப் பிழிந்து எடுத்துவந்திருந்தான். கையில் ஒரு மாம்பழம். கூட்டத்தில் யாரோ கொடுத்தது என்றான். சௌந்தரவல்லி அதை சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டு, அறுத்து, மருமகளுக்கு ஊட்டிவிட்டாள். விஷ்ணுப்ரியா பிடிவாதமாக அவளுக்கும் பாதி கொடுத்தாள்.

சட்டையைத் தானே துவைத்த கணவனைப் பற்றி உமாமகேஸ்வரியிடம், அவள் சிநேகிதிதான், போனில் பெருமையடித்ததுகூட நினைவிருக்கிறது. துவைத்தது நிலக்கரித் தூளை என்று இப்போதுதான் புரிந்தது.

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. போனை எடுத்து, உடனே வாங்க, நாப்பத்தேழு விஷயம் என்று மட்டும் சொன்னாள். எதிர்முனையில் அவன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

துறைமுக கேட்டுக்கு வெளியே டீக்கடை ஓரம் பைக்கை நிறுத்தினான் நவநீதன். நடவு வயலிலிருந்து நேராக வந்திருந்தான். முழங்கால் வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. அவள் போனில் எடுத்து வைத்திருந்த அவன் படத்தைக் காட்டினாள். அவன் பார்த்தான். தலை குனிந்தான்.

ஒரு வருஷமாக அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்களாம். திருவிழா அன்று துறைமுகத்தில் கப்பல் நின்றது. கப்பல் நிற்கும்போது வண்டியை நிறுத்தினால் அடுத்த கப்பலுக்குக் கூப்பிட மாட்டார்கள். ஜெயபிரகாஷின் மகள் இனியாவோ மாம்பழம் பிடித்தே ஆக வேண்டும் என்று ஒரு வாரமாக அழுகை. அதனால் மத்தியானம் கேட்டில் முறையாகக் கார்டு தேய்த்து, அண்ணனை இறக்கிவிட்டு, தம்பி ஏறிக்கொண்டான். அதில் விதிமீறல் ஒன்றுமில்லை. மறைத்தது ஆபீசுக்காக இல்லை, அம்மாவுக்காக.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அண்ணன்தான் வேணாம்னுச்சு பிரியா. எம்மேல உள்ள கோவத்தை அம்மா உன் தலையிலயும் ஏத்திடும், நீயாச்சும் அதுக்குப் புள்ளையா இருன்னுச்சு."

காலையில் கேட்டில் அந்த மனிதர் ஏன் ஆமாம் என்று தலையாட்டினார் என்பது இப்போது அவளுக்கு விளங்கிவிட்டது. இல்லை என்றால், பிறகு யார் என்று தேடுவார்கள். தேடினால் தம்பி பெயர் வரும். தம்பி மனைவி இருக்கும் ஆபீசுக்கே வரும், அங்கிருந்து அம்மா காதுக்கும் போகும். அதற்கு ஒரு மாதம் வண்டி நின்றால் நிற்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்.

"அந்த மாம்பழம்?" என்று கேட்டாள்.

நவநீதன் சேற்றுக் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ரெண்டு விழுந்துச்சாம் அவங்களுக்கு. ஒண்ணு இனியாவுக்கு. இன்னொண்ணை அண்ணி பொத்தி எடுத்தாந்து, இத பிரியாகிட்ட குடுங்க, நான் குடுத்தேன்னு சொல்லாதீங்கன்னாங்க."

முகம் பார்க்காத ஓரகத்தி. மூன்று வருஷமாக அந்த வீட்டில் எல்லாக் குற்றத்துக்கும் தொடக்கமாகச் சொல்லப்படுகிற பெயர். அவள் கொடுத்த பழத்தைத்தான் மாமியாரும் மருமகளும் பாதிப் பாதியாகத் தின்றிருக்கிறார்கள். விஷ்ணுப்ரியா டீக்கடை என்றும் பார்க்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கடைக்காரர், பாவம், சர்க்கரை போதவில்லையோ என்று நினைத்து இன்னொரு டீ போட்டு வைத்தார்.

அழுது முடித்தவள் நேராகக் கலைவாணனிடம் போனாள். தப்பு வண்டியில் இல்லை, டிரைவரில் இல்லை, தன் க்வெரியில் என்றாள். ஆளை வைத்துப் பிரிக்க வேண்டிய இடத்தில் வண்டியை வைத்துப் பிரித்துவிட்டதையும், இரண்டாவதாக ஓட்டியது தன் கணவன் என்பதையும் சொன்னாள். பட்டியலில் இருந்த மற்ற இருவரையும் மறுபடி பார்த்தாயிற்று. ஒருவர் விஷயத்தில் இதே கதைதான், இன்னொருவர் நிஜமாகவே தூங்காமல் ஓட்டியவர். இதனால் வேலை போனாலும் சரி, இன்று சாயந்திரத்துக்குள் திருத்தம் கேட்டுக்குப் போயாக வேண்டும் என்று முடித்தாள்.

கலைவாணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேலிடத்தில் பலே வாங்கிக்கொடுத்தவரே அவர்தான். இப்போது அவரும் திட்டு வாங்க வேண்டும். கொஞ்சம் முணுமுணுத்தார். பிறகு, பெயர் கேட்டபோதே நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மெயிலைத் தட்டினார். மூன்று மணிக்கெல்லாம் நாப்பத்தேழுக்குத் தடை நீங்கிவிட்டது. உன் வேலை என்னாகும் என்று நாளைக்குத்தான் தெரியும் என்றார்.

ஜெயபிரகாஷுக்குப் போன் போட்டான் நவநீதன். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். அணைத்து வைத்திருந்தது.

வீட்டில் சௌந்தரவல்லி காலையிலிருந்து அடுப்பு மூட்டவில்லை. மகனும் மருமகளும் சேர்ந்து உள்ளே வந்ததைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விஷ்ணுப்ரியா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தடை நீங்கிவிட்டதை முதலில் சொன்னாள். மாமியாரின் தோள் இறங்கியது. ஆனாலும் திரும்பவில்லை.

"தப்பு என்னுதுதான் அத்தை. ஒவ்வொரு ஆளையும் தனியா வெச்சி, அவங்கவங்களுக்கு முதல்லேர்ந்து கூட்டியிருக்கணும். நான் பிரிக்காம விட்டுட்டேன். ஒருத்தர் ஓட்டினதும் சேர்ந்து இன்னொருத்தர் தலையில ஏறிடுச்சு."

அவள் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் சொன்னாள். வேறெதையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை. அந்த அளவு சாமர்த்தியம் அவளுக்குக் கிடையாது. சௌந்தரவல்லிதான் சட்டென்று திரும்பி மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம். காலையில் போனில் தான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது போலிருந்தது. வர்றவளுவ எல்லாம் என்று சொன்னோமே. இவள் வந்து இரண்டு வருஷத்தில் செய்த தப்பு என்ன? தேடிப் பார்த்தாள். பால்கோவாவில் சர்க்கரை தூக்கல். அதுகூடக் கடைக்காரன் செய்தது.

"அந்த இன்னொருத்தன் யாரு?" என்று கேட்டாள்.

நவநீதன் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தான். நான்தாம்மா என்றான். ஒரு வருஷத்துக் கதையும் வெளியே வந்தது. மாம்பழத்தையும் சொன்னான். மதிவதனி பெயரை அவன் சொல்லும்போது அம்மாவின் முகம் என்ன ஆகுமோ என்று விஷ்ணுப்ரியா பயந்துகொண்டே பார்த்தாள்.

சௌந்தரவல்லி சாமி மாடத்தைப் பார்த்தாள். அங்கே அந்தப் பழத்தின் கொட்டை இன்னும் இருந்தது. பேரப்பிள்ளை பிறந்ததும் கொல்லையில் நடலாம் என்று அவளே கழுவிக் காயவைத்து எடுத்து வைத்தது.

"அவ முந்தானையில விழுந்ததை, அவ இவளுக்குக் குடுத்தாளா?" என்று மெதுவாகக் கேட்டாள். எழுந்து, முகம் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள். வண்டியை எடு என்றாள்.

பைக்கில் மூன்று பேர் போக முடியாது. நவநீதன் அதில் பின்னால் வர, உம்மு சல்மா வீட்டு ஸ்கூட்டியை இரவல் வாங்கி மாமியாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டாள் விஷ்ணுப்ரியா. அரசலாறு தாண்டி, திருப்பட்டினம் கடைத்தெரு தாண்டி, கடலை நோக்கித் திரும்பும் வரை சௌந்தரவல்லி மருமகளின் தோளைப் பிடித்த பிடியை விடவில்லை. வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். என்ன சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று.

பட்டினச்சேரியில் வலை காயும் தெருவில் நீலக் கதவு போட்ட வீடு. மதிவதனிதான் கதவைத் திறந்தாள். முகத்தில் இருந்த களையெல்லாம் இன்று ஒரே நாளில் வற்றியிருந்தது. மாமியாரைப் பார்த்தாள். பாதி திறந்த கதவை அப்படியே பிடித்துக்கொண்டாள். சௌந்தரவல்லி வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

மதிவதனியின் பார்வை தாண்டிப்போய் ஸ்கூட்டி அருகில் நின்றவள் மேல் விழுந்தது. அவள் யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மாம்பழம் சாப்பிட்டியாம்மா?"

"பாதிதான்க்கா. மீதியை அத்தை சாப்பிட்டாங்க."

மதிவதனி மறுபடி மாமியாரைப் பார்த்தாள். இப்போது வேறு மாதிரி. மூன்று வருஷத்து வாக்குவாதம் எங்கே விட்டதோ அங்கிருந்து அவள் தொடங்கியிருக்கலாம். தொடங்குவதற்கு நியாயமும் இருந்தது. அவள் கதவை முழுதாகத் திறந்து ஒதுங்கி நின்றாள்.

"உள்ள வாங்க அத்தை. அவரு காலையில போனவரு. எங்க இருக்காருன்னே தெரியல."

கேட்டில் திருப்பி அனுப்பியதும் ஜெயபிரகாஷ் வீட்டுக்கு வரவில்லை. போன் இல்லை. தடை நீங்கியதும் தெரியாது. மதிவதனியின் அண்ணன் சிலம்பரசன் நாகூர் வரை போய்த் தேடிவிட்டு வந்தாயிற்று. சௌந்தரவல்லி உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்த இனியா, அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. மெயின் ரோட்டில் ஒவ்வொரு லாரி போகும்போதும் எல்லாத் தலைகளும் ஒன்றாக வாசலுக்குத் திரும்பின.

வெயில் தாழ்ந்து, மதிவதனி கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போன நேரத்தில் நவநீதனின் போன் அடித்தது. திரையைப் பார்த்தான். அண்ணன் என்றிருந்தது. எடுக்கப் போனவன் கையிலிருந்து சௌந்தரவல்லி போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

ஓடுகிற எஞ்சினுக்கு மேலே பேசிப் பழகிய குரல். ஸ்பீக்கர் போடாமலே அறையில் எல்லோருக்கும் கேட்டது.

"டேய் நவநீ, நீ எதையும் போய்ச் சொல்லித் தொலைக்காத. பழி எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும். ஒரு மாசந்தானே, நான் வேற ஊர்ல ஓட்டிக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது. இருக்குற ஒரு புள்ளையையும் அது எழந்துடும்டா. கேக்குதா?"

சௌந்தரவல்லி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் தேடிய வார்த்தை இப்போது தேடாமலே வந்தது.

"நான் அம்மா பேசறேன்பா."

எதிர்முனையில் அதுவரை உறுமிக்கொண்டிருந்த எஞ்சின் நின்றது.